வெளியூர் சென்ற இளைஞர்கள் ஊரின் வளர்ச்சியில் எவ்வாறு பங்கேற்கலாம்?

கேள்வி: பொரங்காடு இளைஞர்

அனைவருக்கும் வணக்கம். நீலகிரியில் கோத்தகிரியை அடுத்த ஒரு ஹட்டியில் (படகர் சிற்றூரில்) இளைஞர் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். எங்கள் ஊரில் படித்து முடித்தவர்களில் பெரும்பாலோர் கோவைக்கும் பெங்களூருக்கும் சென்றுவிட்டார்கள். சிலர் வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். 1990களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை சரிந்ததிலிருந்து ஓரிரு ஏக்கர் தோட்டத்தை மட்டும் நம்பி ஒரு குடும்பம் நடத்துவது கடினமாகிவிட்டது. உதகையில் பலருக்கு வேலை தந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையும் மூடப்பட்டுவிட்டது. 2001ஆம் ஆண்டு 7,62,141 ஆக இருந்த நம் நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை, தமிழகத்தின் மக்கள்தொகை கூடிய அதே பத்தாண்டுகளில், 2011 கணக்கெடுப்பின்போது 7,35,394 ஆகக் குறைந்திருந்தது என்பதை இங்கே பலரும் அறிவீர்கள்.

இந்த ஆண்டு ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வந்திருந்த வெளியூர் இளைஞர்கள், மாதந்தோறும் ஒரு தொகையை ஊர் வளர்ச்சிக்குத் தருவதாகத் தாமாகவே முன்வந்து சொன்னார்கள். அந்தப் பணத்தில் சமுதாயக் கூடத்தை விரிவுபடுத்த வேண்டும் என்று பெரியவர்கள் கருதுகிறார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு படிப்பகமும், கொழுந்தை நல்ல விலைக்கு விற்க ஓர் ஏற்பாடும் வேண்டும் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். இரு தரப்பும் ஊரின் நன்மையை விரும்பித்தான் பேசுகின்றன.

ஊரை விட்டுச் சென்றவர்களால் ஊரின் வளர்ச்சிக்குப் பணம் அனுப்புவதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்? வேறு ஊர்களில், வேறு நாடுகளில் இதை எப்படிச் செய்திருக்கிறார்கள்? அனுபவமுள்ளவர்கள் விளக்கமாக எழுதினால், அடுத்த கூட்டத்தில் படித்துக் காட்டுவேன்.

மறுமொழி 1: கேத்தி ஆசிரியர்

தம்பி, கேத்திப் பள்ளத்தாக்கில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இன்று மலையில் இல்லை. ஆகவே உங்கள் கேள்வி எனக்கும் நெருக்கமானது. பணத்தை எதற்குச் செலவிடுவது என்று வாதிடுவதற்கு முன்னால், அதை யார் கூடி முடிவு செய்வது என்பதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். அனுப்புகிறவனுக்கு முடிவெடுக்கும் இடத்தில் ஓர் இருக்கை இல்லையென்றால், முதலில் ஆர்வம் குறையும், பிறகு பணமும் நின்றுவிடும்.

மெக்சிகோவின் சகாடெகாஸ் மாநிலத்திலிருந்து அமெரிக்காவுக்கு வேலைக்குச் சென்றவர்கள் ஊர்வாரியாகச் சங்கம் அமைத்துத் தங்கள் ஊர்களுக்குப் பணம் திரட்டி அனுப்பிவந்தார்கள். அந்த முயற்சி வளர்ந்து, 2002ஆம் ஆண்டு நாடு முழுவதற்குமான 'ஒன்றுக்கு மூன்று' என்னும் அரசுத் திட்டமாயிற்று: சங்கம் ஒரு பெசோ கொடுத்தால் மைய அரசு ஒன்றும், மாநில அரசு ஒன்றும், உள்ளாட்சி ஒன்றும் சேர்த்துத் தந்தன. சாலை, குடிநீர், வடிகால், பள்ளிக் கட்டடம், தேவாலயப் பழுதுபார்ப்பு எனப் பல வேலைகள் நடந்தன. எந்த வேலை நடக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை சங்கத்துக்கு இருந்ததுதான் அத்திட்டத்தின் உயிர்நாடி. வலுவான சங்கம் இருந்த ஊர்களுக்கே பணம் அதிகமாகச் சென்றது, மிகவும் ஏழ்மையான ஊர்கள் பின்தங்கின என்ற குறையும் அதற்கு உண்டு. நம் ஊர்களிலும் அது நேரலாம். உங்கள் ஹட்டிக்குப் பணம் வருகிறது. அதே பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பக்கத்துக் குடியிருப்புக்கு யார் அனுப்புவார்கள் என்பதையும் கூட்டத்தில் எண்ணிப் பாருங்கள்.

தமிழகத்தில் 'நமக்கு நாமே' திட்டம் கிட்டத்தட்ட இதே முறையில்தான் இயங்குகிறது. பொதுவாக மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்தினால், மீதியை அரசு தரும். அரசுப் பள்ளிக்கென்றால் 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் மூலம் முன்னாள் மாணவர்கள் நேரடியாகவே உதவலாம். 2024இல் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டபோது முன்னாள் மாணவர்களுக்கும் அவற்றில் இடம் தரப்பட்டது. கோவையில் இருக்கும் ஒருவர் மாதம் ஒரு நாள் வந்துபோக முடியுமானால், அந்த இடத்தைப் பெறுவதற்கு முயலுங்கள். நிதியைக் காட்டிலும் அந்த ஒரு நாள் வருகையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். வெளியுலகைக் கண்ட ஒருவர் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அரை மணி நேரம் பேசியபின் வகுப்பறையில் ஏற்பட்ட மாற்றத்தைப் பலமுறை நேரில் கண்டிருக்கிறேன்.

கிராம சபையையும் மறந்துவிடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் அது கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவரே அதன் உறுப்பினர். வெளியூருக்குப் பெயரை மாற்றிக்கொண்டவர் அங்கே வாக்களிக்க இயலாது. ஆனால் அவர் எழுதித் தரும் கோரிக்கையை ஊரிலிருக்கும் உறுப்பினர் ஒருவர் சபையில் முன்வைத்துத் தீர்மானமாக்கலாம். குடிநீர்க் குழாய்க்கும் நடைபாதைக்கும் ஊர்ப் பணத்தைச் செலவிடுவதற்கு முன், அவை ஊராட்சி செய்ய வேண்டிய வேலைகள் என்று தீர்மானம் கொண்டுவருவதே முறை.

மறுமொழி 2: பந்தலூர்ப் பெண்

ஆசிரியர் ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் இந்த மலைக்கு வந்த இளைஞர்களை விட்டுவிட்டு, மலையை விட்டுச் சென்ற இளைஞர்களை மட்டும் பேசினால் பாதிக் கதைதான் கிடைக்கும். நான் தாயகம் திரும்பிய குடும்பத்தைச் சேர்ந்தவள். இப்போது வளைகுடாவில் செவிலியராக இருக்கிறேன்.

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கை மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரித்தது. என் பாட்டி தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமைக் கடந்து, கைக்குழந்தையுடன் சேரம்பாடிப் பக்கம் வந்தபோது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. அவர்களைக் குடியமர்த்துவதற்காக 1968இல் வனத்துறையின் திட்டமாகத் தொடங்கி 1976இல் தனி நிறுவனமானதுதான் டேன்டீ என்னும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம். காட்டை வெட்டிப் பாத்தி கட்டியதும், செடி நட்டதும், கவாத்து வெட்டியதும் அந்த இளம் கைகள்தான். வளர்ச்சிக்கு இளம் புலம்பெயர்ந்தோரின் பங்களிப்பு என்ன என்று ஐ.நா. மாநாடுகளில் பேசுகிறார்கள், கூடலூர், பந்தலூர் சரிவுகளில் அதன் விடை பசுமையாகவே தெரிகிறது.

அந்த உழைப்புக்கு ஈடாக அவர்களுக்குக் கிடைத்தது லயன் எனப்படும் வரிசைக் குடியிருப்பில் ஒரு வீடும் நாட்கூலியும். நிலம் கழகத்தினுடையது, வீடும் கழகத்தினுடையது. ஓய்வு பெற்றபின் எங்கே குடியிருப்பது என்பதே பல குடும்பங்களுக்குத் தீராத கவலையாயிற்று. சாதிச் சான்றிதழ் பெறுவதற்கே பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். எவ்வளவு உழைத்தும் தங்கள் ஊரைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் அவர்களுக்குக் குரல் இருக்கவில்லை. மூன்றாம் தலைமுறை திருப்பூருக்கும் கேரளத்துக்கும் வெளிநாட்டுக்கும் கிளம்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றையும் பொறுப்போடு சொல்ல விரும்புகிறேன். வெளிநாடு செல்பவர் கடனோடு சென்றால், முதல் சில ஆண்டுகளின் சம்பளம் முழுவதும் வட்டிக்கே போகும். ஊருக்கு அவர் என்ன அனுப்ப முடியும்? என்னுடன் படித்த ஒருத்தியிடம் ஒரு முகவர் வாங்கிய தொகையை அடைப்பதற்குள் அவளுடைய முதல் ஒப்பந்தமே முடிந்துவிட்டது. ஆகவே உங்கள் சங்கம் பணம் பெறுவதற்கு முன்னால், கிளம்புகிற பிள்ளைகளுக்குச் சரியான செய்தியைக் கொடுங்கள்.

வெளிநாட்டு வேலைக்குச் செல்வோருக்கான குடிபெயர்வுச் சட்டம் 1983இன்படிப் பதிவு பெற்ற முகவர் மட்டுமே ஆளெடுக்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், வரி தனி. முகவரின் பதிவு எண்ணை மைய அரசின் இ-மைகிரேட் தளத்தில் சரிபார்க்கலாம். பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். பத்தாம் வகுப்பை முடித்திருந்தால் அந்தத் தேவை இல்லை. அந்த ஒரு சான்றிதழுக்காகவாவது தோட்டத்துப் பிள்ளைகளைப் பத்தாம் வகுப்புவரை நிறுத்தாமல் படிக்க வையுங்கள். செவிலியரைப் பொறுத்தவரை, 2015இலிருந்து அந்த நாடுகளுக்கான ஆளெடுப்பு அரசு அங்கீகரித்த நிறுவனங்கள் மூலமாகத்தான் நடைபெற வேண்டும் என்று மைய அரசு ஆணையிட்டது. தமிழகத்தில் 1978இல் தொடங்கப்பட்ட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அவற்றில் ஒன்று. இவற்றை அறியாமல் சொத்தை அடகு வைத்தவர்கள் எங்கள் பகுதியில் இருக்கிறார்கள்.

விடுமுறையில் ஊருக்கு வரும்போதெல்லாம் பந்தலூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் பெண்பிள்ளைகளிடம் இதைத்தான் பேசுகிறேன். இதற்குப் பணம் தேவையில்லை. ஏற்கெனவே அந்தப் பாதையில் நடந்த ஒருவர் வேண்டும். கடைசியாக ஒரு கேள்வி, அண்ணா: உங்கள் சங்கத்தில் ஊரை விட்டுச் சென்ற பெண்கள் உறுப்பினராக இருக்கிறார்களா? திருமணமாகிச் சென்றவர்களும் ஊரை விட்டுச் சென்றவர்கள்தாம், அவர்களும் சம்பாதிக்கிறார்கள்.

மறுமொழி 3: மஞ்சூர் சிறு தேயிலை விவசாயி

சகோதரி வந்தவர்களைப் பற்றிச் சொன்னதால் நானும் எழுதத் துணிகிறேன். எங்கள் குந்தா பகுதியில் இன்று கொழுந்து பறிக்கிறவர்களில் பலர் ஜார்க்கண்ட், அசாம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்த இளம் தம்பதிகள். எங்கள் பிள்ளைகள் சமவெளிக்குச் சென்றதால் காலியான இடத்தை அவர்கள்தாம் நிரப்பியிருக்கிறார்கள். அவர்கள் வராமல் இருந்திருந்தால் பல தோட்டங்கள் இன்று காடு மண்டிக் கிடக்கும். பிறகு கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு இலை ஏது? நம் பிள்ளைகள் கோவையில் மரியாதையாக நடத்தப்பட வேண்டும் என்று விரும்புகிற நாம், நம் லயனில் குடியிருப்பவரை எப்படி நடத்துகிறோம் என்பதையும் இந்த விவாதத்தில் வைத்துப் பேச வேண்டும்.

அவர்களில் பலர் ஒராவோன், சந்தால், முண்டா பழங்குடியினர். ஒராவோன் மக்கள் பேசும் குடுக் மொழி நம்முடைய மொழிகளைப் போலவே திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது எனக்கு மகிழ்ச்சி தந்த செய்தி. அது இருக்கட்டும். அவர்களுடைய குழந்தைகள் என்ன ஆகிறார்கள் என்பதே முக்கியமானது. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951 வீடு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றைப் பெரிய தோட்டங்களின் கடமையாக்கியது. எங்களைப் போன்ற சிறு விவசாயிகளின் தோட்டங்களுக்கு அது பொருந்தவில்லை. ஆதலால் அந்தச் சுமை முழுவதும் ஊரின் அங்கன்வாடி மீதும் அரசுப் பள்ளி மீதும் விழுகிறது. பிள்ளைகள் குறைந்து மூடும் நிலைக்கு வந்த தொடக்கப் பள்ளிகளில் இந்தக் குழந்தைகள் சேர்ந்தால் பள்ளியும் பிழைக்கும், அவர்களும் தமிழ் கற்பார்கள். முதல் ஆண்டில் மொழி புரியாமல் தவிக்கும் குழந்தைக்கு உதவ ஓர் ஆள் தேவை. வெளியூரில் இந்தி கற்றுக்கொண்டு திரும்பிய நம் இளைஞர்களைவிட அதற்குப் பொருத்தமானவர் யார்?

2020 அக்டோபர் முதல் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' ஏற்பாடு தமிழகத்திலும் நடைமுறையில் இருக்கிறது. அவர்கள் தங்கள் மாநில அட்டையைக் காட்டி, மைய அரசின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தமக்குரிய தானியத்தை இங்கேயே வாங்கலாம். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக 2021 ஆகஸ்டில் மைய அரசு தொடங்கிய இ-ஷ்ரம் தளத்தில் அவர்களைப் பதிவு செய்யவும் முடியும். கைப்பேசியில் இதைச் செய்து கொடுக்க ஓர் இளைஞர் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கினால் போதும். உங்கள் படிப்பகம் உருவானால் அதன் ஒரு மூலையில் இந்த வேலைக்கும் ஒரு மேசை போடுங்கள்.

மறுமொழி 4: பெங்களூரில் வாழும் நீலகிரிக்காரர்

வெளியே சென்ற இளைஞன் என்ற நிலையிலிருந்து, சற்று மாறுபட்டு எழுதுகிறேன். எங்களை ஊருக்குத் திரும்பி வரச் சொல்வதும், வராதவர்களை நன்றியற்றவர்களாகப் பார்ப்பதும் பயன் தராது. நாங்கள் நகரத்தில் இருப்பதே ஊருக்குப் பயன்படும் வழிகளை யோசிக்கலாம். நீலகிரித் தேயிலையின் பெரும்பகுதி, இலையை இயந்திரத்தில் நசுக்கிச் சிறு மணிகளாக்கும் சிடிசி தூளாகக் குன்னூர் ஏலத்தின் மூலம் விற்பனையாகிறது. பறிக்கிறவருக்கும் குடிப்பவருக்கும் இடையே பலர் நிற்கிறார்கள். இலையைச் சுருட்டிப் பக்குவப்படுத்தும் பழைய முறையில் தயாராகி, 2008இல் புவிசார் குறியீடு பெற்ற நீலகிரி ஆர்தடாக்ஸ் தேயிலையைத் தேடி வாங்குபவர்கள் பெங்களூரில் இருக்கிறார்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கவனித்துப் பறித்துத் தர ஊரில் சில குடும்பங்கள் இணைந்தால், பொதியமைப்பு, உணவுப் பாதுகாப்பு உரிமம், விற்பனை ஆகியவற்றை இங்கிருந்தே நாங்கள் பார்த்துக்கொள்ளலாம். 1965இலிருந்து இயங்கும், கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் கூட்டமைப்பான இண்ட்கோசர்வைச் சேர்ந்த ஒரு தொழிற்சாலையில் உங்கள் ஊர் விவசாயிகள் உறுப்பினர்களாக இருந்தால், தனியாக ஒன்றைத் தொடங்குவதற்கு முன் அந்தத் தொழிற்சாலையின் நிர்வாகத்துடன் பேசிப் பாருங்கள். தரமான இலை கிடைக்கும் என்ற உறுதி இல்லாமல் நகரத்தில் எவ்வளவு ஓடினாலும் பலன் இராது.

சமுதாயக் கூடத்தை வீண் செலவு என்று ஒதுக்கிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை எங்களை ஊருக்கு இழுத்துவருவது பண்டிகைதான். கூடிப் பேச ஓர் இடம் வேண்டும். ஆனால் சரிவான நிலத்தில் கூடத்தைப் பெரிதாக்குவதற்கு முன் ஒரு பொறியாளரை அழைத்து மண்ணையும் வடிகாலையும் பார்க்கச் சொல்லுங்கள். 2009 நவம்பரில் பல உயிர்களைக் கொண்டுபோன நிலச்சரிவுகளையும், 2019 ஆகஸ்டு 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும் நாம் மறக்க முடியாது. கட்டடப் பொறியியல் படித்துவிட்டு வெளியூரில் இருக்கும் ஒருவர் உங்கள் ஹட்டியிலேயே இருப்பார். அவரிடமே இந்த வேலையைக் கொடுங்கள்.

கேட்டவரின் பதில்: பொரங்காடு இளைஞர்

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. சகோதரி கேட்ட கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன்: சங்கத்தில் இப்போது ஆண்கள் மட்டுமே உறுப்பினர்கள். அடுத்த கூட்டத்தில் இதை மாற்றத் தீர்மானம் கொண்டுவருகிறேன். பெரியவர்களில் சிலர் தயங்கக்கூடும், ஆனால் செவிலியராகவும் ஆசிரியராகவும் வெளியூரில் இருக்கும் எங்கள் ஊர்ப் பெண்களைப் பற்றி அவர்கள் பெருமையாகப் பேசுபவர்கள்தாம். மஞ்சூர் ஐயா சொன்ன மேசையை மறுக்க எந்தக் காரணமும் இல்லை. அதற்கு இரண்டு நண்பர்கள் இப்போதே பெயர் கொடுத்துவிட்டார்கள்.

நடைமுறையில் ஓர் ஐயம் மிச்சமிருக்கிறது. சங்கம் இன்னும் பதிவு செய்யப்படவில்லை. வெளிநாட்டில் உள்ளவர்களிடமிருந்து பணம் பெறுவதில் சட்டச் சிக்கல் வருமா?

மறுமொழி 5: குன்னூர் கணக்காளர்

முதலில் சங்கத்தைத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்கீழ்ப் பதிவு செய்யுங்கள். குறைந்தது ஏழு பேர் வேண்டும். பிறகு சங்கத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கு தொடங்குங்கள். செயலாளரின் சொந்தக் கணக்கில் ஊர்ப் பணத்தை வாங்குவது, எவ்வளவு நேர்மையாக நடந்தாலும், பின்னாளில் மனத்தாங்கலில்தான் முடியும்.

வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2010இன்படி, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படுவதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் நம் ஊரில் பிறந்தவராகவே இருந்தாலும், அவர் தரும் பணம் அந்தச் சட்டத்துக்குள் வரும். உரிய பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதை வாங்கக் கூடாது. எனவே ஒவ்வோர் உறுப்பினரிடமிருந்தும் அவருடைய குடியுரிமை குறித்து எழுத்தில் ஓர் உறுதிமொழி பெற்று, கடவுச்சீட்டின் நகலையும் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் அனுப்பும் செலவையும் உறுப்பினர்களுக்கு நினைவூட்டுங்கள். 2030க்குள் அதை 3 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவருவது ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் ஒன்று, ஆனால் உலகச் சராசரி இன்னும் 6 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது. சிறு தொகையாக மாதந்தோறும் அனுப்புவதைவிட, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை சேர்த்து அனுப்பினால் கட்டணம் மிச்சமாகும்.

துணைவிதிகளை எழுதும்போது, வெளியூரில் வாழும் உறுப்பினர்களுக்கும் பெண்களுக்கும் செயற்குழுவில் எத்தனை இடங்கள் என்பதை எண்ணிக்கையோடு குறிப்பிடுங்கள். வாய்மொழியாக ஒப்புக்கொண்டது இரண்டாவது தேர்தலில் நினைவில் இராது. பொதுக்குழு நடத்தியபின் ஆண்டுக் கணக்கை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்வது கட்டாயம். வரைவு தயாரானதும் இங்கேயே பதிவிடுங்கள், படித்துப் பார்த்துத் திருத்தங்களைச் சொல்கிறேன்.